வெளிச்சத்தைப் பழக்கிய லூயி லூமியர்

குட்டீஸ், நீங்கள் எல்லோரும் தியேட்டரில் சினிமா பார்த்திருப்பீர்கள். படம் ஓடும்போது எப்போதாவது தலையைத் திருப்பிப் பின்பக்கச் சுவரைப் பார்த்ததுண்டா? உயரத்தில் ஒரு சின்னச் சதுர ஓட்டை இருக்கும். அதன் வழியாகத்தான் ஒளி புறப்பட்டுத் திரைக்கு வரும். அந்த ஓட்டை ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது? படம் காட்டும் கருவியை ஏன் தனி அறைக்குள் வைத்தார்கள்?

இதற்கு விடை வேண்டுமானால், முதலில் உங்கள் தாத்தா, பாட்டியிடம் டூரிங் டாக்கீஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நல்ல சண்டைக் காட்சியில் திரை திடீரென்று மங்கும். கொட்டகை முழுவதும் விசில் பறக்கும். ஆபரேட்டர் ஓடிப்போய் விளக்கில் இருக்கும் கார்பன் குச்சியைச் சரி செய்வார். பளிச்சென்று வெளிச்சம் திரும்பும். சில நேரம் படம் அப்படியே நின்று, நடுவில் பழுப்பாகி, ஓட்டை விழுந்து பொசுங்குவதும் திரையில் தெரியும்!

ஆக, சினிமா காட்டுபவருக்குத் துணையும் விளக்குதான், தொல்லையும் விளக்குதான். அந்த விளக்கோடு முதன்முதலில் மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் லூயி லூமியர். லூமியர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? வெளிச்சம்! பெயரிலேயே வெளிச்சத்தை வைத்திருந்தவர் அதை எப்படிப் பழக்கினார் என்று பார்ப்போமா?

போட்டோ ஸ்டூடியோ வீட்டுப் பையன்

லூயி லூமியர் 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டின் பெசன்சோன் நகரில் பிறந்தார். அண்ணன் பெயர் அகஸ்டே. அவர் லூயியைவிட இரண்டு வயது பெரியவர். அப்பா அந்துவான், ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர். பிறகு போட்டோ எடுப்பதைத் தொழிலாக்கிக்கொண்டார். லூயி சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் லியோன் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அண்ணனும் தம்பியும் லியோனில் லா மார்த்தினியேர் என்ற தொழிற்பள்ளியில் படித்தார்கள். பாடம் முடிந்தால் அப்பாவின் ஸ்டூடியோதான் அவர்களுக்கு விளையாட்டு மைதானம்.

அந்தக் காலத்தில் போட்டோவைக் கண்ணாடித் தகட்டில்தான் எடுப்பார்கள். தகட்டின் மேல் மருந்து பூசியிருக்கும். 1881-ஆம் ஆண்டு, 17 வயதில், லூயி புது வகை மருந்து ஒன்றைத் தயாரித்தார். இதைப் பூசிய தகடு, மிகக் குறைந்த நேரத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டது. நீல நிற லேபிள் ஒட்டி விற்றதால், அது நீல லேபிள் தகடு என்றே பெயர் பெற்றது.

அப்பா லியோனின் மோன்பிளேசிர் பகுதியில் தொழிற்சாலை தொடங்கினார். தொடக்கத்தில் நஷ்டம் வந்து, மூடும் நிலைக்கே போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் சோர்ந்து உட்காரவில்லை. எந்த வேலையில் நேரம் வீணாகிறது என்று கவனித்து, அதற்கேற்ற இயந்திரங்களை அமைத்தார்கள். தொழில் நிமிர்ந்தது. 1894-இல் அங்கே சுமார் 300 பேர் வேலை செய்தார்கள்.

எங்கே கோளாறு என்று முதலில் கண்டுபிடிப்பது. பிறகு அதற்கு எளிய வழி தேடுவது. இதுதான் லூயியின் பழக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்ப வரும்.

தூக்கம் வராத இரவு

1894-ஆம் ஆண்டு அப்பா அந்துவான் பாரீசில் ஓர் அதிசயப் பெட்டியைப் பார்த்தார். அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் உருவான கினிட்டாஸ்கோப் அது. பெட்டிக்கு மேலே ஒரு துளை. குனிந்து கண்ணை வைத்தால், உள்ளே குட்டிப் படம் அசையும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும்.

இந்தப் படத்தைப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து, சுவரில் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார் அப்பா. பிள்ளைகளிடம் சொன்னார். ஆனால், அதில் ஒரு சிக்கல் இருந்தது.

என்ன சிக்கல்? கினிட்டாஸ்கோப்பில் பிலிம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படத்தின் மீதும் ஒரு மின்னல் நேரம்தான் வெளிச்சம் படும். கண்ணைத் துளையில் வைத்துப் பார்க்க அது போதும். பெரிய திரைக்கு அந்த வெளிச்சம் எப்படிப் போதும்? ஒவ்வொரு படமும் விளக்கின் முன்னால் சற்று நின்று, வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

ஓடும் பிலிமை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது எப்படி? அண்ணன் அகஸ்டே முயன்றார், சரிவரவில்லை. 1894-ஆம் ஆண்டு இறுதியில் ஓர் இரவு லூயிக்கு உடல்நலம் சரியில்லை, தூக்கமும் வரவில்லை. படுத்தபடியே யோசித்தார். அப்போது தையல் இயந்திரம் நினைவுக்கு வந்தது!

உங்கள் தெருவில் தையல்கடை இருந்தால் கவனித்துப் பாருங்கள். ஊசி இறங்கும்போது துணி நிற்கும். ஊசி மேலே போனதும் துணி கொஞ்சம் நகரும். மறுபடி நிற்கும். லூயி இதே முறையைப் பிலிமுக்குக் கொண்டுவந்தார். பிலிமின் இரண்டு ஓரங்களிலும் துளைகள். இரண்டு சின்ன கொக்கிகள் அந்தத் துளைகளில் நுழைந்து, பிலிமைக் கீழே இழுத்துவிட்டு வெளியே வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நேரம் பிலிம் நகரும். மீதி இரண்டு பங்கு நேரம் விளக்கின் முன்னால் நிற்கும். விநாடிக்கு சுமார் 16 படங்கள்!

தொழிற்சாலையின் தலைமை மெக்கானிக் ஷார்ல் மொய்சோன், லூயி வரைந்து கொடுத்தபடி முதல் கருவியைச் செய்தார். சோதனைக்கு முதலில் காகிதச் சுருளைத்தான் பயன்படுத்தினார்கள். காகிதத்தின் வழியே ஒளி சரியாகப் புகாதே! பிறகு அமெரிக்காவிலிருந்து செல்லுலாய்ட் தருவித்து, நாடாவாக வெட்டிக்கொண்டார்கள்.

1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். கருவிக்குச் சினிமாட்டோகிராப் என்று பெயர். எடை 5 கிலோ அளவுதான். அதிலேயே படம் எடுக்கலாம், பிரதி போடலாம், திரையிலும் காட்டலாம். கையால் சுற்றினால் ஓடும், மோட்டார் வேண்டாம். சினிமா என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லே இந்தப் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

33 பேர் பார்த்த காட்சி

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28. பாரீசில் கிராண்ட் கபே என்ற காபி ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஒரு கூடம். அதை வாடகைக்குப் பிடித்தார் அப்பா. வசூலில் 20 சதவிகிதம் தருகிறேன் என்றார். ஹோட்டல்காரருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நாளைக்கு 30 பிராங்க் வாடகை போதும் என்று சொல்லிவிட்டார்.

டிக்கெட் ஒரு பிராங்க். முதல் நாள் காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர். மொய்சோன் கைப்பிடியைச் சுற்றினார். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாத 10 படங்கள். தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வருவது, அகஸ்டேயின் குழந்தை சாப்பிடுவது, தோட்டக்காரர் தண்ணீரில் நனைவது எனச் சின்னச் சின்னக் காட்சிகள். சில வாரங்களில் தினமும் 2,000 பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். வசூலில் பங்கு வேண்டாம் என்ற ஹோட்டல்காரர் என்ன நினைத்திருப்பார்!

வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் காட்சிக்கு லூயியும் அகஸ்டேயும் வரவில்லை. இருவரும் லியோனில் இருந்தார்கள்!

ஓயாமல் கவனிப்பு கேட்கும் விளக்கு

சரி, விளக்குக்கு வருவோம். சினிமாட்டோகிராப் ஒரு மரப்பெட்டி. விளக்கு அதற்குள் இல்லை. பின்னால் ஒரு தனிக்கூண்டில் இருக்கும். மின்சாரம் உள்ள ஊரில் வில் விளக்கு பயன்படும். இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளைத் தொடவிட்டு, மெல்ல விலக்கினால், நடுவில் கண்ணைப் பறிக்கும் ஒளி எழும். வெல்டிங் பட்டறையில் பார்க்கிறீர்களே, ஏறக்குறைய அது போன்ற ஒளி. வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. ஆபரேட்டர்கள் கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள்.

இந்த விளக்கைச் சும்மா விட்டுவிட முடியாது. எரிய எரியக் குச்சிகள் தேய்ந்துகொண்டே போகும். இடைவெளி அதிகமானால் ஒளி ஆடும், கடைசியில் அணைந்துவிடும். குச்சிகள் மிக நெருங்கினால் உஸ்ஸென்று சீறும். ஒளி நடுவை விட்டு விலகினால் திரையின் ஒரு மூலை இருண்டுவிடும். ஆகவே ஆபரேட்டர் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணை விளக்கிலும் வைத்துக்கொண்டு, திருகைத் திருப்பித் திருப்பிச் சரி செய்ய வேண்டும். திரையைப் பார்த்தே விளக்கின் நோயைக் கண்டுபிடிப்பவர்தான் நல்ல ஆபரேட்டர்!

மின்சாரம் இல்லாத ஊரில் என்ன செய்வது? ஆக்சிஜனையும் ஈதர் ஆவியையும் சேர்த்து எரித்து, அந்தச் சுவாலையைச் சுண்ணாம்புக் கட்டியின் மேல் படவிடுவார்கள். கட்டி வெள்ளையாக ஒளிவிடும். ஈதர் சட்டென்று ஆவியாகும் திரவம். அந்த ஆவி சட்டென்று தீப்பற்றும்.

லூமியர் நிறுவனத்தின் ஆபரேட்டர்கள் உலகம் முழுவதும் போனார்கள். அவர்களில் ஒருவரான மரியஸ் செஸ்டியர், ஆஸ்திரேலியா போகும் வழியில் நம் நாட்டில் இறங்கினார். 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி, மும்பை வாட்சன் ஹோட்டலில் படம் காட்டினார். இந்தியா பார்த்த முதல் சினிமா அதுதான்.

பாரீசில் ஒரு துயரம்

விளக்கு வெளிச்சம் மட்டும் தருவதில்லை, சூடும் தரும். திரையில் யானை அளவு தெரியும் படம், பிலிமில் தபால்தலை அளவுதான். விளக்கின் ஒளி முழுவதையும் கண்ணாடி வில்லைகள் அந்தச் சின்ன இடத்தில் குவிக்கும். கூடவே சூடும் அங்கேதான் குவியும்.

அந்தக் காலத்துப் பிலிமோ, தீயைக் கண்டால் துள்ளும் பொருள். நைட்ரேட் செல்லுலாய்ட் என்று பெயர். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணைப்பது கடினம். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. பிலிம் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஆபத்து இல்லை. ஒவ்வொரு படமும் நொடிப்பொழுதில் கடந்துவிடும். கைப்பிடி நின்றாலோ, பிலிம் சிக்கிக்கொண்டாலோ சில விநாடிகளில் பொசுங்கிவிடும். போதாக்குறைக்கு, தொடக்கத்தில் ஓடி முடித்த பிலிம் சுருளில் சுற்றப்படாமல், கீழே கூடைக்குள் குவியலாக விழுந்துகொண்டிருந்தது!

1897-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி பாரீசில் ஏழைகளுக்கு நிதி திரட்ட ஒரு பெரிய சந்தை நடந்தது. மரத்தாலும் துணியாலும் கட்டிய கூடம். ஓர் ஓரத்தில் சினிமாவும் உண்டு. அங்கே இருந்தது லூமியர் கருவி அல்ல, வேறொருவர் செய்தது. அதில் ஈதர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காட்சியின் நடுவில் ஈதர் தீர்ந்துவிட்டது. இருட்டில் அதை மறுபடி நிரப்பும்போது, வெளிச்சத்துக்காக உதவியாளர் ஒரு தீக்குச்சியை உரசினார். அவ்வளவுதான்! பரவியிருந்த ஆவி பற்றிக்கொண்டது. சில நிமிடங்களில் கூடம் முழுவதும் தீ. 120-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பிறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத சினிமாவைக் கண்டு மக்கள் பயந்தார்கள். விளக்கைப் பழக்காவிட்டால் சினிமாவே இல்லை என்ற நிலை.

தண்ணீர் நிரப்பிய குடுவை

அந்த ஆண்டுகளில் லூமியர் கருவியில் ஒரு புதுமை வந்தது. என்ன தெரியுமா? உருண்டையான ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் நிறையத் தண்ணீர். இவ்வளவுதான்!

ஒளியைக் குவிக்கும் கண்ணாடி வில்லைகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் குடுவையை வைத்தார்கள். தண்ணீர் நிரம்பிய உருண்டைக் குடுவையும் வில்லைபோல ஒளியைக் குவிக்கும். அதே நேரம், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு, சூட்டைச் சுமந்துவரும் கதிர்களில் பெரும்பகுதியைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். பிலிமுக்கு வெளிச்சம் கிடைக்கும், சூடு குறைந்துவிடும்.

நேரம் ஆக ஆகத் தண்ணீர் சூடாகிக் கொதிக்குமே, குமிழிகள் எழும்பினால் திரையில் ஒளி ஆடாதா? அதற்கும் வழி செய்தார்கள். குடுவைக்குள் ஒரு கற்கரித் துண்டைத் தொங்கவிட்டார்கள். அதனால் தண்ணீர் குதிக்காமல் அமைதியாகக் கொதித்தது.

இதைவிடப் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. குடுவை உடைந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் கொட்டிவிடும். தண்ணீர் போய்விட்டால் ஒளியைக் குவிக்க ஆள் இல்லை! வெளிச்சம் சிதறிவிடும், பிலிம் தப்பிவிடும். தண்ணீர் வற்றிப்போனாலும் இதே கதைதான். காவல்காரர் இல்லாத நேரத்தில் கதவு தானாகவே மூடிக்கொள்வது போல! கெட்டுப்போகும்போதும் கெடுதல் செய்யாத கருவி எவ்வளவு நல்ல கருவி, பாருங்கள்!

பெரிய திரை, வண்ணப் படம்

1900-ஆம் ஆண்டு பாரீசில் உலகக் கண்காட்சி நடந்தது. சுமார் 21 மீட்டர் அகலமுள்ள பிரம்மாண்டமான திரையில் லூமியர் படங்கள் காட்டப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் திரையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்னால் இருப்பவர்களுக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் ஒரே விளக்கின் ஒளி போதுமா? இங்கேயும் தண்ணீர்தான் கைகொடுத்தது. காட்சிக்கு முன் திரையைத் தண்ணீரில் நன்றாக நனைத்தார்கள். நனைந்த துணி பாதி ஒளியைத் திருப்பி அனுப்பியது. பாதியை உள்ளே விட்டது. இரண்டு பக்கமும் படம் தெரிந்தது!

பிறகு லூயியின் மனம் வண்ணப் போட்டோவின் பக்கம் திரும்பியது. உருளைக்கிழங்கு மாவின் மிகச் சிறிய துகள்களுக்கு மூன்று நிறச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, வண்ணப்படம் எடுக்க வழி கண்டார்கள் சகோதரர்கள். ஆட்டோகுரோம் என்ற அந்தத் தகடு 1907-இல் விற்பனைக்கு வந்தது. 1935-இல், 70 வயதைத் தாண்டிய பிறகும், சிவப்பு, பச்சைக் கண்ணாடி போன்ற நிறக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாணப் படத்தைக் காட்டினார் லூயி.

1948-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி, பிரான்சின் பாந்தோல் என்ற கடலோர ஊரில், தம் 83-ஆம் வயதில் அவர் மறைந்தார். முதல் படம் எடுத்த தொழிற்சாலையின் கொட்டகை லியோனில் பாதுகாக்கப்படுகிறது. அந்தத் தெருவுக்கு இன்று முதல் படத் தெரு என்று பெயர்!

அந்தச் சின்ன ஓட்டை

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். விளக்கும் பிலிமும் சேர்ந்தால் ஆபத்து என்று தெரிந்ததால், பல நாடுகள் சட்டம் போட்டன. பிரிட்டனில் 1909-இலும், இந்தியாவில் 1918-இலும் சினிமாச் சட்டங்கள் வந்தன. கருவியைத் தீப்பிடிக்காத தனி அறையில் வைத்தார்கள். ஒளி போக மட்டும் சின்ன ஓட்டை விட்டார்கள். அறைக்குள் தீப்பிடித்தால் அந்த ஓட்டையையும் இரும்புத் தகடு விழுந்து மூடிவிடும். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமைத் தயாரிப்பது 1950-களின் தொடக்கத்தில் நின்றது. அதே காலத்தில் கார்பன் குச்சிக்குப் பதிலாக செனான் விளக்கும் வரத் தொடங்கியது. இன்று பிலிமே இல்லாமல் டிஜிட்டலில் படம் ஓடுகிறது. ஆனாலும் அந்தச் சின்ன ஓட்டை மட்டும் இருக்கிறது!

குட்டீஸ், வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கிறீர்களா? உருண்டையான கண்ணாடிக் கிண்ணத்திலோ குடுவையிலோ நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தை அதன் வழியாகச் சுவரில் அடியுங்கள். கிண்ணத்தைச் சுவருக்கு அருகில் கொண்டுபோய், பின்னால் நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்தில் ஒளி பளிச்சென்று குவியும். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியுங்கள். ஒளி குவியாது! லூமியர் குடுவையின் ரகசியம் இதுதான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இதை வெயிலில் செய்யக் கூடாது. சூரிய ஒளி குவிந்தால் தீப்பிடித்துவிடும்.

அடுத்த முறை உங்கள் சைக்கிளோ, டார்ச்சோ கோளாறு செய்தால், உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோளாறு எங்கே என்று பொறுமையாகத் தேடுங்கள். விடை ஒரு குடுவைத் தண்ணீரைப் போல எளிதாகக்கூட இருக்கலாம்!